எல்லாவற்றையும் படிப்பவனுக்கு வரும் ஆபத்து

ஒரு பெரிய ஸ்தாபனத்தின் கணிப்பொறிகள் அனைத்தும் செவ்வனே இயங்கிக்கொண்டிருக்கின்றன. மின்னஞ்சல்கள் வருகின்றன, போகின்றன. யந்திரசாலையில் வால்வுகள் திறக்கின்றன, மூடுகின்றன. எங்கும் எவ்விதக் குறையும் கண்ணுக்குத் தென்படவில்லை. ஆனால் இவற்றையெல்லாம் இரவும் பகலும் கண்காணிப்பதற்கென்றே வைக்கப்பட்ட மென்பொருள் மாத்திரம், வெளியிலிருந்து வந்த அற்பமான ஒரு செய்தியைப் படிக்கத் தொடங்கி, அதைப் படித்து முடிக்கும் வழி அறியாமல், ஒரே இடத்தில் சுழன்றுகொண்டு நிற்கிறது. அதன் எச்சரிக்கைப் பட்டியலில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. ஏறாததைக் கண்டு நிர்வாகியும் நிம்மதியாக இருக்கிறார். இது யாரோ புனைந்த கதை போலத் தோன்றினாலும், 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்நார்ட் என்னும் புகழ்பெற்ற காவல் மென்பொருளில் வெளிப்பட்ட குறை, இப்படிப்பட்ட நிலைமையை உண்டாக்க வல்லதாகவே இருந்தது. அதன் விவரத்தைப் பின்னால் பார்ப்போம். காப்பதற்கென்று வைத்த கருவியே முதலில் விழுந்துவிடும் இந்த விபரீதம் எப்படி நேர்கிறது என்பதை அறிய, அக்கருவி செய்கிற வேலை இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று நடத்தும் சம்பாஷணை முழுவதும், பாக்கெட் என்று பொறியாளர்கள் அழைக்கும் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டே கம்பி வழியாகவும் அலை வழியாகவும் பிரயாணம் செய்கிறது. சாதாரண அலுவலக வலைப்பின்னலில் ஒரு துண்டின் உள்ளடக்கம் பெரும்பாலும் 1,500 பைட்டுகளைத் தாண்டுவதில்லை; ஆகவே கைபேசியில் நாம் பார்க்கும் ஒரே புகைப்படம் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிந்து வந்து, நம் கருவியில் மறுபடியும் ஒன்று சேர்கிறது. இந்தப் பிரவாகத்துக்கு இடையில் இருந்து பிரதி எடுத்து, ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த நெறிமுறையில், அதாவது பேச்சுக்கென்று வகுத்த எந்த விதிகளின்படி, பேசுகிறது, அதன் உள்ளே என்ன அடங்கியிருக்கிறது என்பதையெல்லாம் பிரித்துச் சொல்பவையே வலைப்பின்னல் போக்குவரத்தைப் பகுத்தாயும் மென்பொருள்கள். இவற்றுள் ஒரு வகை, மேஜையின் முன் அமர்ந்திருக்கும் மனிதருக்கு அத்துண்டுகளை வரி வரியாக விளக்கிக் காட்டுவது. மற்றொரு வகை, மனிதருடைய துணையின்றித் தானே எல்லாவற்றையும் படித்து, சந்தேகத்துக்கு இடமானவற்றைக் கண்டால் எச்சரிக்கை எழுப்புவது.

முதல் வகைக்கு மூத்த உதாரணம் டிசிபிடம்ப். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகிய மூவரும் அதை எழுதினார்கள். நம்முடைய அண்ணா பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னல் ஆய்வகப் பாடத்தில் மாணவர்கள் பழகும் தொடக்கப் பயிற்சிகளிலும் அந்தக் கட்டளை இடம் பெற்றிருக்கிறது. டிசிபிடம்ப் எழுதப்பட்டுப் பத்தாண்டுகள் கழித்து, கான்சஸ் நகரத்தில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெரால்டு கோம்ஸ் என்பவர், விலை உயர்ந்த வணிகக் கருவிகளை வாங்க இயலாத நிலையில், தமக்கு வேண்டிய பகுப்பாய்வுக் கருவியைத் தாமே எழுதி, 1998-இல் ஈதரியல் என்னும் பெயரோடு இலவசமாக வெளியிட்டார். 2006-இல் அவர் வேறு நிறுவனத்துக்குப் போனபோது, பழைய பெயரின் வணிகக் குறி முந்தைய நிறுவனத்திடமே தங்கிவிட்டபடியால், அம்மென்பொருளுக்கு வயர்ஷார்க் என்று புதுப்பெயர் இட வேண்டியதாயிற்று. இன்று உலகெங்கும் வலைப்பின்னல் பொறியாளர்கள் நோயறியும் கருவியாகக் கையாள்வது அதைத்தான். இரண்டாம் வகையில் 1998-இல் மார்ட்டின் ரோஷ் எழுதிய ஸ்நார்ட்டும், டிசிபிடம்ப் பிறந்த அதே ஆய்வுக்கூடத்தில் வெர்ன் பாக்சன் உருவாக்கி, பிற்காலத்தில் ஜீக் என்று பெயர் மாற்றம் பெற்ற புரோவும் முக்கியமானவை.

படிப்பதே அபாயமாகும் விதம்

ஒரு மின்னஞ்சல் நிரலுக்கு மின்னஞ்சலின் நெறிமுறை தெரிந்தால் போதும். வலைப்பக்கங்களை வழங்கும் நிரலுக்கு அதற்குரிய நெறிமுறை தெரிந்தால் போதும். மற்ற எந்த நெறிமுறையில் எவன் என்ன அனுப்பினாலும், தனக்குப் புரியாதது என்று அவை ஒதுக்கிவிடலாம். பகுப்பாய்வு மென்பொருளுக்கோ இவ்வாறு ஒதுக்கும் பாக்கியம் இல்லை. தொலைபேசி நிலையங்களின் நெறிமுறையும், ஆலைகளின் கட்டுப்பாட்டு நெறிமுறையும், விளையாட்டுகள் பேசும் நெறிமுறையும், என்றோ வழக்கொழிந்துபோன நிறுவனம் ஒன்று என்றோ வகுத்த நெறிமுறையும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். வயர்ஷார்க் இப்படி ஆயிரக்கணக்கான நெறிமுறைகளை அறியும். ஒவ்வொன்றையும் பிரித்துப் படிக்கத் தனித்தனிப் பகுதி உண்டு. அதை டிசெக்டர் என்பார்கள். இவற்றில் மிகப் பல, பல தேசங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் தத்தம் தேவைக்காகச் சி மொழியில் எழுதிக் கொடுத்தவை. சில பகுதிகளை நாள்தோறும் லட்சக்கணக்கானோர் உபயோகிக்கிறார்கள். சிலவற்றை எழுதியவரைத் தவிர வேறு எவரும் திறந்து பார்த்திருப்பாரா என்பதே ஐயம். ஆயினும் எதிரிக்கு எல்லாம் ஒன்றுதான். அந்த ஆயிரத்தில் மிக மெலிந்த ஒன்று அகப்பட்டால் அவனுக்குப் போதும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் காட்டியது. கணிப்பொறியைக் காப்பதற்காகவே விற்கப்பட்ட பிளாக்ஐஸ், ரியல்செக்யூர் முதலிய மென்பொருள்களில், ஐசிக்யூ என்னும் அரட்டைச் சேவையின் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் பகுதியில் ஒரு குறை இருந்தது. அக்குறை பகிரங்கமான ஓரிரு நாட்களுக்குள், விட்டி என்று பெயர் பெற்ற புழு நிரல் கிளம்பி, சுமார் முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 12,000 கணிப்பொறிகளைப் பற்றிக்கொண்டு, அவற்றின் வட்டுகளில் கண்ட கண்ட இடங்களை அழித்துக்கொண்டே பரவிற்று. பாதிக்கப்பட்டவர் ஐசிக்யூவை ஒருநாளும் உபயோகித்திராதவராக இருக்கலாம். அவருடைய கணிப்பொறியில் அந்தச் சேவை நிறுவப்படாமலே இருந்திருக்கலாம். ஐசிக்யூவைச் சார்ந்ததோ என்று ஒரு பாக்கெட்டைச் சோதித்துப் பார்த்ததே அக்கணிப்பொறிகள் செய்த ஒரே காரியம். பாதுகாப்பு மென்பொருள் இல்லாத பக்கத்து வீட்டுக் கணிப்பொறியை அந்தப் புழு தீண்டவில்லை என்பதை நினைத்தால், இவ்விஷயத்தின் விசித்திரம் முழுவதும் விளங்கும்.

விட்டியைப் போல அழிவை உண்டாக்கும் குறைகள் அபூர்வம். பெரும்பாலும் நேர்வது சேவை மறுப்பு என்னும் சாதுவான பெயரைக் கொண்ட குறை: ஒரு தகவலும் திருடு போவதில்லை, ஒரு கோப்பும் அழிவதில்லை, மென்பொருள் தன் வேலையைச் செய்யாமல் நின்றுபோகிறது, அவ்வளவே. வயர்ஷார்க்கின் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன செய்தி. இன்ன பகுதியில் முடிவிலாச் சுழல், இன்ன பகுதியில் நிலைகுலைவு என்று அவை வந்துகொண்டே இருக்கும். வலைப்பின்னலில் கோணலான ஒரு பாக்கெட்டை நுழைப்பதன் மூலமோ, பாக்கெட்டுகளைச் சேமிக்கும் பதிவுக் கோப்பு ஒன்றைக் கோணலாக அமைத்து அதை எவரையாவது திறக்கச் செய்வதன் மூலமோ இதை நிகழ்த்தலாம் என்ற கருத்து அவற்றில் தவறாமல் காணப்படும். 2021 டிசம்பரில், ஒளிபரப்புக்குப் பயன்படும் ஆர்டிஎம்பிடி என்னும் நெறிமுறைக்குரிய பகுதியில் முடிவிலாச் சுழல் ஒன்றைத் திருத்தினார்கள். 2022 பிப்ரவரியில் அதே பகுதியில் மற்றொரு முடிவிலாச் சுழலைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தியவர்கள் அசிரத்தையாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இக்குறையின் சுபாவமே ஒன்றை அடைத்தால் இன்னொன்று அருகிலேயே தலைகாட்டுவது. அதன் காரணத்தைச் சிறிது கிட்டே போய்ப் பார்ப்போம்.

நீளம் பற்றிய பொய்

நெறிமுறைகளை வகுத்தவர்களுக்கு ஆதியிலிருந்தே ஒரு கஷ்டம் இருந்தது. ஒரு செய்திக்குள் பல அங்கங்கள் அடுத்தடுத்து வரும். ஓர் அங்கம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவன் எப்படி அறிவான்? இதற்கு அவர்கள் கண்ட உபாயம், ஒவ்வோர் அங்கத்தின் முகப்பிலும் அது எந்த வகையைச் சேர்ந்தது, எத்தனை பைட் நீளமுடையது என்று எழுதிவிடுவது. படிக்கும் நிரல் வகையைப் பார்க்கிறது, நீளத்தைப் பார்க்கிறது, உள்ளடக்கத்தைப் படிக்கிறது, பிறகு அந்த நீளத்துக்குச் சமமான தூரம் முன்னே நகர்ந்து அடுத்த அங்கத்தின் முகப்பில் போய் நிற்கிறது. இணையத்தின் பெரும்பான்மையான நெறிமுறைகளில் இந்த உபாயம் ஏதோ ஒரு ரூபத்தில் உண்டு. உண்மை பேசுவோருக்கிடையில் இது குறைவற நடக்கவும் செய்கிறது.

இப்போது நீளம் என்ற இடத்தில் ஒருவன் பூஜ்யத்தை எழுதி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். நிரல் வகையைப் பார்க்கிறது, நீளத்தைப் பார்க்கிறது, பூஜ்யம் பைட் தூரம் முன்னே நகர்கிறது. அதாவது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கே மறுபடியும் அதே முகப்பு, அதே வகை, அதே பூஜ்யம். செய்தி இன்னும் முடியவில்லை என்பதால் வேலையை நிறுத்தவும் அதற்கு விதி இல்லை. மனிதனாக இருந்தால் இரண்டாம் முறையே சலித்துப்போய்க் காகிதத்தைக் கீழே வைத்துவிடுவான். யந்திரத்துக்குச் சலிப்பு என்பது கிடையாது. வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை அது அந்த முகப்பையே படித்துக்கொண்டிருக்கும். செயலியின் சக்தி முழுவதும் அதிலேயே செலவாகும். பின்னால் வரிசையில் நிற்கும் ஆயிரம் பாக்கெட்டுகளை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இருக்காது. டிசிபிடம்பில் 2003-ஆம் ஆண்டில் ஐசேகேஎம்பி என்னும் நெறிமுறையைப் படிக்கும் பகுதியிலும், 2005-ஆம் ஆண்டில் ஆர்எஸ்விபி, பிஜிபி, எல்டிபி ஆகியவற்றைப் படிக்கும் பகுதிகளிலும் முடிவிலாச் சுழல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இருபது வருஷங்களுக்கு மேலாகியும் அதே இனத்துக் குறைகள் புதிய பகுதிகளில் முளைப்பதற்குக் காரணம், புதிய நெறிமுறையைப் படிக்க உட்காரும் ஒவ்வொருவரும் அந்த உபாயத்தையே கைக்கொள்வதும், நீளம் பூஜ்யமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைத் தனக்குள் தானே கேட்டுக்கொள்ள மறப்பதும்தான்.

பூஜ்யம் எழுதுவது பொய்களுள் மிக எளியது. இதைவிடச் சாமர்த்தியமான பொய்க்கு, முதலில் குறிப்பிட்ட ஸ்நார்ட் விவகாரம் நல்ல சாட்சி. 1979-இல் மோடிகான் நிறுவனம் ஆலை யந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக மோட்பஸ் என்னும் நெறிமுறையை வகுத்தது. தண்ணீர் வழங்கும் நிலையங்கள், மின்நிலையங்கள், எண்ணெய் ஆலைகள் என்று பல இடங்களில் இன்றும் அது பேசப்படுகிறது. அதில் கோப்புகளின் பதிவுகளைப் படிக்கவும் எழுதவும் வகை செய்யும் கட்டளைகள் உண்டு. ஒரே கட்டளைக்குள் பல பதிவுகளை அடுக்கலாம். ஒவ்வொரு பதிவும் தன் நீளத்தை 16 பிட் எண்ணால் அறிவிக்கும். ஸ்நார்ட், இதுவரை எத்தனை பைட் படித்தாயிற்று என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அக்கணக்கு மொத்த அளவை எட்டும் வரை பதிவு பதிவாகப் படித்துக்கொண்டு போகும்படி எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்கும் 16 பிட் எண்ணாகவே வைக்கப்பட்டிருந்ததில்தான் வினை ஒளிந்திருந்தது.

பதினாறு பிட் எண்ணில் அடங்கக்கூடிய உச்ச அளவு 65,535. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் 65,536 வராது, பூஜ்யம் வரும். ஓடிய தூரத்தை ஐந்து இலக்கங்களில் காட்டும் பழைய மோட்டார் வண்டியின் மானி, 99,999-ஐத் தாண்டியதும் ஐந்து சுழியங்களைக் காட்டிப் புத்தம் புது வண்டி போல நடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்கு 65,530-இல் நிற்கும்போது ஆறு பைட் சேர்ந்தால், நிரலின் ஞாபகத்தில் இதுவரை படித்தது ஒன்றும் இல்லை என்றாகிவிடும். மோட்பஸ் செய்தி முழுவதுமே வலைப்பின்னலில் 260 பைட்டுகளுக்கு மேல் போக விதியில்லை. நேர்மையான பதிவுகளால் கணக்கு 65,535-இன் அருகே போகவே போகாது. ஆனால் தன் உண்மையான அளவைப் போலப் பல நூறு மடங்கு நீளத்தைப் பிரகடனம் செய்யும் பொய்ப் பதிவுகளைத் தக்கபடி தேர்ந்தெடுத்து அடுக்கினால், கூட்டிக்கொண்டே போகும் கணக்கு உச்சத்தைத் தாண்டிச் சுழன்று, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நிரலும் முதற் பதிவிலிருந்து திரும்பப் படிக்கத் தொடங்கும். படித்து முடித்ததும் கணக்கு மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கே வரும். இதற்கு அந்தம் கிடையாது.

கிளாரட்டி என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த டீம்82 ஆராய்ச்சிக் குழுவினர் இதைக் கண்டுபிடித்து, ஸ்நார்ட்டைத் தன் வசம் வைத்திருக்கும் சிஸ்கோவுக்குத் தெரிவித்தார்கள். சிவிஇ-2022-20685 என்ற எண்ணோடு 2022 ஜனவரியில் அறிவிப்பு வெளிவந்தது, பத்துக்கு 7.5 என்று அதன் கடுமையை மதிப்பிட்டார்கள், 2.9.19, 3.1.11.0 ஆகிய பதிப்புகளில் குறை களையப்பட்டது. எந்தக் கடவுச்சொல்லும் தெரியாத, ஸ்நார்ட் காவல் இருக்கும் வழியே ஒரு பாக்கெட்டை அனுப்பும் வசதி மாத்திரம் உள்ள எவனும் இதைச் செய்திருக்க முடியும். குறை இருந்த இடம் மோட்பஸைப் படிக்கும் மூலை ஒன்றுதான். குருடானதோ முழு ஸ்நார்ட்டும். அது நின்றுபோன பிறகு, ஆலையை நோக்கி வரும் வேறு எந்தத் தாக்குதலைப் பற்றியும் எச்சரிக்கை எழும்ப வழியில்லை.

வெள்ளம் இல்லாத முடக்கம்

சேவை மறுப்பு என்றவுடன், உலகெங்குமுள்ள லட்சம் கணிப்பொறிகளை ஏவி ஒரு தளத்தின் மீது கோரிக்கைகளை வெள்ளமாகப் பாய்ச்சுவதுதான் பலருக்கு நினைவு வரும். பகுப்பாய்வு மென்பொருளை முடக்க அவ்வளவு படை தேவையில்லை என்பதைத்தான் மேற்சொன்ன உதாரணங்கள் காட்டுகின்றன. நிரலில் பிழை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாத இடத்திலும்கூட இது சாத்தியம் என்று 2003-ஆம் ஆண்டில் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் நிரூபித்தார்கள். யார் யாரோடு பேசினார்கள் என்பதை விரைவில் தேடி எடுப்பதற்காகப் புரோ ஓர் அட்டவணையைப் பல அறைகளாக வகுத்து வைத்திருந்தது. சாதாரணமாக வரும் முகவரிகள் அவ்வறைகளில் ஏறக்குறைய சமமாகப் பரவிக்கொள்ளும். ஆகவே ஒரு பெயரைத் தேடச் சில பெயர்களைப் பார்த்தால் போதும். எந்த முகவரி எந்த அறைக்குப் போகும் என்னும் சூத்திரம் பகிரங்கமானது. அந்தச் சூத்திரத்தைத் தெரிந்தவன், எல்லா முகவரிகளும் ஒரே அறையில் போய்க் குவியும்படி பொறுக்கி எடுத்து அனுப்பினால், புதிதாக வரும் ஒவ்வொன்றையும் முன்பு வந்த அத்தனையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாகிவிடும்.

தொலைபேசிக் கம்பியில் இணைக்கும் பழைய மோடம் அனுப்பக்கூடிய வேகத்துக்கும் குறைவான வேகத்தில், ஆறு நிமிஷ நேரம் இவ்வாறு பாக்கெட்டுகளை அனுப்பியபோது, இதற்கென்றே ஒதுக்கப்பட்ட புரோ கணிப்பொறி தன் செயலியின் சக்தி முழுவதையும் செலவிட்டும், தன் முன்னே போகும் போக்குவரத்தில் 71 சதவீதம் வரை பார்க்காமலே விட்டது என்று அவர்கள் தங்கள் கட்டுரையில் எழுதினார்கள். அனுப்புகிறவனுக்கு ஏறக்குறைய ஒன்றும் செலவில்லை, படிக்கிறவனுக்கோ சர்வமும் செலவு என்னும் இந்த ஏற்றத்தாழ்வுதான் இத்தாக்குதல்களின் சாரம். அளவில் பெரியதைத் தேடும் கண்ணுக்கு இது தட்டுப்படாது.

மௌனம் என்னும் பொய்ச்சாட்சி

ஒரு வலைத்தளம் முடங்கினால் அரை மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர்கள் கூச்சலிடுவார்கள். வங்கியின் பணப் பரிமாற்றம் நின்றால் மறுநாள் பத்திரிகையில் வரும். பார்வையிடும் மென்பொருள் முடங்கினால் கூச்சலிட ஒருவரும் இல்லை. அது போக்குவரத்தின் குறுக்கே நிற்காமல், பக்கவாட்டில் இருந்து பிரதியை மட்டும் படித்துக்கொண்டிருப்பதாக அமைக்கப்பட்டிருந்தால், அது விழுந்தபின்னும் போக்குவரத்து முன்போலவே நடக்கும். 1998-ஆம் ஆண்டிலேயே தாமஸ் டாசெக், திமோதி நியூஷம் என்னும் இருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இதைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று: பக்கவாட்டுக் காவல் செயலிழக்கும்போது கதவு திறந்த நிலையிலேயே இருந்துவிடுகிறது, ஆகவே உள்ளே நுழைய விரும்புகிறவனுக்கு முதல் வேலையாகக் காவலை முடக்குவது மிகுந்த ஆதாயம் தருவது. இதற்கு மாறாக, ஒவ்வொரு பாக்கெட்டும் காவலைக் கடந்தே போக வேண்டும் என்று குறுக்கே நிறுத்தினால், காவல் முடங்கும்போது போக்குவரத்தே முடங்கும். காவலை முடக்குவது ஸ்தாபனத்தையே முடக்குவதாகிவிடும். இரண்டில் எது குறைந்த தீமை என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். எந்த ஸ்தாபனமாயினும் இக்கேள்விக்கு ஆபத்து வருவதற்கு முன்பே விடை எழுதி வைத்திருக்க வேண்டும்.

இக்காரணத்தால், சேவை மறுப்புக் குறைகளைப் பற்றிய அறிவிப்பில் தகவல் திருட்டுக்கு இடமில்லை என்ற வாசகத்தைப் பார்த்துவிட்டு, சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது, மற்ற மென்பொருள்களுக்கு ஒருவேளை பொருந்தினாலும், காவல் மென்பொருளுக்குப் பொருந்தாது. மேஜைக் கணிப்பொறியில் வயர்ஷார்க் உறைந்துபோனால் பொறியாளர் அதை மூடித் திறந்துகொள்வார். அதனால் நேரும் நஷ்டம் சில நிமிஷங்களே. ஆளில்லாமல் ஓடும் ஸ்நார்ட்டோ ஜீக்கோ உறைந்துபோனால், அந்த நேரம் முழுவதும் நடந்தவற்றுக்குச் சாட்சியே இல்லாமல் போகும். பிறகு ஏதேனும் விபரீதம் வெளிப்பட்டு விசாரணை தொடங்கும்போது, எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கமே பதிவேட்டில் இராது.

பரிகாரங்கள்

இக்குறைகளை வேட்டையாடுவதற்குக் கையாளப்படும் முறை பிறந்த வரலாறு சுவையானது. 1988-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், புயலும் மழையுமான ஓர் இரவில் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகக் கணிப்பொறியில் வேலை செய்ய முயன்றபோது, கம்பியில் புகுந்த இரைச்சல் அவர் தட்டச்சு செய்த எழுத்துகளோடு குப்பை எழுத்துகளையும் கலந்தது. அந்தக் குப்பையைப் படித்த யூனிக்ஸ் நிரல்கள் நிலைகுலைந்து விழுந்தன. பிறர் எரிச்சலோடு மறந்திருக்கக்கூடிய இதை அவர் மாணவர்களுக்கு ஆராய்ச்சிப் பயிற்சியாக்கினார். வேண்டுமென்றே குப்பையைத் தயாரித்து ஊட்டிப் பார்த்ததில், சோதித்த நிரல்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விழுந்தன அல்லது உறைந்தன. பஸ்ஸிங் என்று பெயர் பெற்ற இச்சோதனை இன்று பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. தாறுமாறான பாக்கெட்டுகளை உற்பத்தி செய்யும் கருவி ஒன்று வயர்ஷார்க்கோடு சேர்ந்தே வருகிறது; திறந்த மூல மென்பொருள்களுக்கென்று 2016-இல் கூகுள் தொடங்கிய இடைவிடாத சோதனைத் திட்டத்திலும் வயர்ஷார்க் இடம் பெற்றது. டிசிபிடம்பிலும் இத்தகைய தேடல்கள் தீவிரமடைந்த 2017-ஆம் ஆண்டில், செப்டம்பரில் வெளிவந்த 4.9.2 பதிப்பு ஒன்றில் மாத்திரம் எண்பதுக்கும் மேற்பட்ட குறைகள் களையப்பட்டன.

எல்லாக் குறைகளையும் தேடிப் பிடித்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, குறை இருந்தாலும் கேடு எல்லை மீறாதபடி அணை கட்டுவது அடுத்த பரிகாரம். வயர்ஷார்க்கில் இதற்கு அழகான உதாரணம் உண்டு. ஒரு பாக்கெட்டை அது கிளை கிளையாக விரித்துக் காட்டும்போது, கிளைகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டுமானால், இது முடிவிலாச் சுழலாக இருக்கலாம் என்று அறிவித்துவிட்டு அந்தப் பாக்கெட்டைப் படிப்பதைக் கைவிடும்படி எழுதியிருக்கிறார்கள். மெய்யான எந்தப் பாக்கெட்டிலும் பத்து லட்சம் அங்கங்கள் இருக்க நியாயமில்லை. ஆகவே நிரலுக்கு இல்லாத சலிப்பை மனிதர் ஒரு வரம்பாக எழுதி அதனுள் வைத்திருக்கிறார்கள். கிளை ஒன்றும் சேர்க்காமல் சும்மா சுற்றும் சுழலுக்கு இந்த அணை பயன்படாது; ஆயினும் பல சுழல்கள் இதில் முட்டி நின்றிருக்கின்றன.

மூன்றாவது, அதிகாரத்தைப் பங்கிடுவது. கம்பியிலிருந்து பாக்கெட்டுகளை எடுப்பதற்குக் கணிப்பொறியில் உயர்ந்த அதிகாரம் வேண்டும். அவற்றைப் பிரித்துப் படிப்பதற்கு வேண்டியதில்லை. முற்காலத்தில் இரண்டையும் ஒரே நிரல் செய்தபடியால், படிக்கும் இடத்தில் நேர்ந்த குறை கணிப்பொறி முழுவதையும் எதிரியின் கையில் ஒப்படைக்கக்கூடியதாக இருந்தது. பாதுகாப்பில் கண்டிப்புக்குப் பேர்போன ஓபன்பிஎஸ்டி குழுவினர், 2004-ஆம் ஆண்டில் ஈதரியலைத் தங்கள் தொகுப்பிலிருந்தே நீக்கிவிடும் அளவுக்கு இக்குறைகளால் வெறுத்துப்போனார்கள். இப்போது வயர்ஷார்க்கில் எடுக்கும் வேலையை டம்ப்கேப் என்னும் சிறிய தனி நிரலும், படிக்கும் வேலையை அதிகாரமற்ற பெரிய நிரலும் செய்கின்றன. பெரிய நிரல் விழுந்தாலும், விழுவது அது ஒன்றே. நினைவக அத்துமீறல்களைத் தடுக்கும் ரஸ்ட் மொழியில் நெறிமுறைப் பகுதிகளை எழுதும் வழக்கத்தைச் சுரிகாட்டா போன்ற காவல் மென்பொருள்கள் மேற்கொண்டிருப்பதும் நல்ல முன்னேற்றமே. ஆனால் பூஜ்யம் தூரம் நகர்ந்துகொண்டே இரு என்று ஒருவர் தவறி எழுதினால், எந்த மொழியும் அதைக் கீழ்ப்படிதலோடு நிறைவேற்றவே செய்யும்.

நிர்வாகிகள் செய்யத்தக்கவை இவற்றைவிட எளியவை. பகுப்பாய்வு மென்பொருளின் புதிய பதிப்புகளை, மற்றவற்றுக்குப் பிறகு என்று ஒத்திவைக்காமல், மற்றவற்றுக்கு முன்பாகவே நிறுவ வேண்டும். தங்கள் வலைப்பின்னலில் பேசப்படாத நெறிமுறைகளைப் படிக்கும் பகுதிகளை அணைத்து வைக்கலாம்; வயர்ஷார்க்கிலும் ஸ்நார்ட்டிலும் அதற்கு வசதி உண்டு. முன்பின் அறியாதவர் அனுப்பிய பதிவுக் கோப்பைச் சந்தேகத்துக்குரிய எந்தக் கோப்பையும் போலவே, முக்கியமல்லாத தனிக் கணிப்பொறியில்தான் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காவல் மென்பொருள் எத்தனை எச்சரிக்கைகள் கொடுத்தது என்று எண்ணுவதோடு நில்லாமல், கம்பியில் போன பாக்கெட்டுகளில் எத்தனையைப் படித்தது, எத்தனையைத் தவறவிட்டது என்பதையும் வேறொரு கருவியைக் கொண்டு இடைவிடாது அளக்க வேண்டும். தாங்களே தீங்கற்ற ஒரு சோதனைப் பாக்கெட்டை அவ்வப்போது அனுப்பி, அதற்குரிய எச்சரிக்கை எழும்புகிறதா என்று பார்ப்பது அதனினும் நல்லது.

எதிரியின் கையெழுத்தைப் படிக்காமல் அவனுடைய சூழ்ச்சியை அறிய வழியில்லையாதலால், பகுப்பாய்வு மென்பொருளைக் கைவிடும்படி ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்ளும் எந்த வாசகத்தையும் ஒரு செய்தியிடமிருந்து அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை என்னும் சந்தேக புத்தி, அந்த மென்பொருளை எழுதுகிறவருக்கும், அதை நம்பி இருக்கிறவருக்கும் ஒரே அளவில் வேண்டும். பாக்கெட் சொல்லும் நீளத்தைச் சந்தேகிப்பது முன்னவரின் கடமை, எச்சரிக்கை இல்லாத நாளைச் சந்தேகிப்பது பின்னவரின் கடமை.